முகூர்த்தப் பட்டுக்கு நாலு கடை, மாப்பிள்ளை கோட்டுக்கு நாலு நிமிஷம்!

லண்டன் தமிழ்க் கல்யாணங்களில் ஒரு விசித்திரம் உண்டு. முகூர்த்தப் பட்டு எடுக்கக் குடும்பமே காஞ்சிபுரத்துக்கோ தி.நகருக்கோ விமானம் ஏறுகிறது. அத்தையும் சித்தியும் புடவையை விரித்து, உள்பக்கம் திருப்பி, முந்தியை விரலால் உரசி, "இது அசல் ஜரிகையா, டெஸ்டட் ஜரியா? கோர்வைதானா?" என்று கடைக்காரரைக் குடைந்து எடுக்கிறார்கள். ஒரு புடவைக்கு நாலு கடை, இரண்டு நாள்.

அதே கல்யாணத்தில் வரவேற்புக்கு மாப்பிள்ளை போடப்போகும் சூட்? "நேவி ப்ளூ, ஸ்லிம் ஃபிட், சூப்பர் 150 சார், இத்தாலியன் துணி" என்று கடைக்காரர் சொல்ல, "சரி, எடுத்துக்கலாம்" என்று நாலே நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. விலை அறுநூறு, எழுநூறு பவுண்டு. துணி எதனால் ஆனது, எடை என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை.

நெசவைப் பற்றி இவ்வளவு தெரிந்த ஒரு சமூகம் ஆண்களின் துணி விஷயத்தில் மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறது? நான் ஈரோட்டுப் பக்கத்துக்காரன். மென்பொருள் வேலை. இந்த ஊருக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அளவெடுத்துத் தைக்கும் சூட்டும் சட்டையும் இப்போது பணக்காரர் சமாச்சாரம் அல்ல. வேலை நேர்காணல், பட்டமளிப்பு, கல்யாணம் என்று நம் பிள்ளைகள் வாழ்க்கையின் முக்கியமான நாட்களில் எல்லாம் அதைத்தான் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். ஆகவே கொஞ்சம் விவரமாகவே பேசிவிடலாம்.

'பெஸ்போக்' என்றால் என்ன?

முதலில் ஒரு வார்த்தை விளையாட்டு. 'பெஸ்போக்' என்றால் உங்கள் உடம்புக்கென்றே காகிதத்தில் புதிதாக மாதிரி வரைந்து, கையால் வெட்டி, இடையில் இரண்டு மூன்று தடவை போட்டுப் பார்த்துத் தைப்பது. லண்டன் சாவில் ரோ தையல்காரர்களின் சங்கக் கணக்குப்படி ஒரு சூட்டுக்குக் குறைந்தது 50 மணி நேரக் கைவேலை. பெயர்பெற்ற கடைகளில் விலை ஐயாயிரம் பவுண்டைத் தாண்டும். 'மேட் டு மெஷர்' என்பது ஏற்கெனவே இருக்கும் மாதிரியை உங்கள் அளவுக்குத் திருத்தி, தொழிற்சாலையில் தைத்து வாங்குவது. சில நூறு பவுண்டில் கிடைப்பது இதுதான்.

ஆனால் விளம்பரத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. 2008ல் இங்குள்ள விளம்பரத் தர ஆணையத்திடம் ஒரு புகார் வந்தது. இயந்திரத்தில் வெட்டித் தைத்த சூட்டையும் 'பெஸ்போக்' என்று விளம்பரம் செய்யலாமா என்பது கேள்வி. செய்யலாம் என்று ஆணையம் தீர்ப்புச் சொன்னது. எனவே பலகையில் இருக்கும் அந்த வார்த்தையை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. நீங்கள் கேள்வி கேட்டாக வேண்டும். முதல் கேள்வி துணியைப் பற்றியதாக இருக்கட்டும். தையல் கொஞ்சம் தப்பினால் பிரித்துத் திருத்தலாம், துணி தப்பினால் ஒன்றும் செய்ய முடியாது.

நூறாம் நம்பர் வேட்டியும் சூப்பர் 100ம்

கடைகளில் அதிகம் விற்பது ஒரு எண்: சூப்பர் 100, 120, 150, 180. ஏதோ மதிப்பெண் மாதிரி, அதிகமானால் நல்லது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

இதைப் புரிந்துகொள்ள வேட்டிக் கடைக்குப் போங்கள். "எண்பதாம் நம்பரா, நூறாம் நம்பரா?" என்று ஊரில் கேட்பார்கள் இல்லையா? அந்த நம்பர் நூலின் மென்மைக் கணக்கு. ஒரு பவுண்டு எடைப் பஞ்சில் 840 கெஜம் கொண்ட சிட்டம் எத்தனை நூற்க முடியும் என்பதே நம்பர். நூறாம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 84,000 கெஜம், அதாவது கிட்டத்தட்ட 77 கிலோமீட்டர் நூல். கம்பளிக்கும் இதேபோல் யார்க்‌ஷையரின் பிராட்ஃபோர்ட் நகரத்துக் கணக்கு ஒன்று இருந்தது. அதில் சிட்டம் 560 கெஜம். 'சூப்பர்' எண்களின் பூர்வீகம் அதுதான்.

இன்றைக்கு அந்த எண் குறிப்பது ஆட்டு ரோமத்தின் தடிமனை. சர்வதேச கம்பளி ஜவுளி அமைப்பின் விதிப்படி சூப்பர் 100 என்றால் ரோமம் 18.75 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். சூப்பர் 120க்கு 17.75, சூப்பர் 150க்கு 16.25. எண்ணில் பத்து கூடினால் தடிமன் அரை மைக்ரான் குறையும், அவ்வளவுதான் சூத்திரம். நெசவு நெருக்கமா, நூல் ஒற்றையா இரட்டையா, துணி எத்தனை வருஷம் உழைக்கும் என்பதையெல்லாம் அந்த எண் சொல்லாது.

சொல்லப்போனால் ரோமம் மெலியமெலிய துணி வழவழப்பாகும், கூடவே சீக்கிரம் கசங்கும், முழங்கையில் பளபளக்கும், தொடையில் தேயும். நூறாம் நம்பர் வேட்டியைக் கட்டிக்கொண்டு யாராவது களத்துமேட்டுக்குப் போவார்களா? வாரம் ஐந்து நாள் சென்ட்ரல் லைனில் நசுங்கி ஆபீஸ் போகிறவருக்கு சூப்பர் 100 அல்லது 110 தாராளம். 150, 180 எல்லாம் வருஷத்துக்கு இரண்டு தடவை வெளியே எடுக்கும் சூட்டுக்கு.

எண்ணைக் கேட்காதீர்கள், எடையைக் கேளுங்கள்

தையல் தொழிலில் ஊறியவர்கள் முதலில் பார்ப்பது எடையைத்தான். ஒன்றரை மீட்டர் அகலத் துணி ஒரு மீட்டர் நீளத்துக்கு எத்தனை கிராம் என்பது கணக்கு. பழைய கடைகளில் அவுன்ஸில் சொல்வார்கள். ஒரு அவுன்ஸ் சுமார் 31 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

220 முதல் 280 கிராம் வரை கோடைக்கு. 280 முதல் 340 வரை வருஷம் முழுக்கப் போடலாம், லண்டனுக்கு ஒரே சூட் வாங்குகிறவர் இங்கே நின்றுகொள்ளலாம். 370க்கு மேல் குளிர்காலத் துணி. இணையத்தில் வாங்கும்போது மட்டும் கவனம்: சிலர் சதுர மீட்டர் எடையைப் போடுவார்கள். சதுர மீட்டருக்கு 200 கிராம் என்பது இந்தக் கணக்கில் 300 கிராம்.

கனமான துணி என்றாலே வியர்க்கும் என்று ஒரு பயம் நமக்கு. உண்மையில் துணி கொஞ்சம் கனமாக இருந்தால்தான் தோளிலிருந்து நேராக விழும், பேன்ட் மடிப்பு நிற்கும். வியர்வையைத் தீர்மானிப்பது நெசவும் இழையும். முறுக்கேற்றிய நூலில் இடைவெளி விட்டு நெய்யும் 'ஃபிரெஸ்கோ' வகை 280 கிராம் இருந்தாலும் காற்று உள்ளே புகுந்து போகும். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் சல்லடை மாதிரி தெரியும். ஜூலையில் கூடாரத்தில் வரவேற்பு, இல்லை மே மாதம் சென்னையிலோ கொழும்பிலோ கல்யாணம் என்றால் அந்த மாதிரித் துணியைக் காட்டச் சொல்லுங்கள்.

நெருப்பு பொய் சொல்லாது

எனக்குத் தெரிந்த ஒரு யாழ்ப்பாணத்து நண்பர் தன் கல்யாணத்துக்கு 'சூப்பர் 180, கலப்பில்லாத கம்பளி' என்று ஒரு சூட் தைத்தார். கடை எது என்பது இங்கே வேண்டாம். வரவேற்பு மேடையில் இரண்டு மணி நேரம் நின்றதில் மனுஷன் மழையில் நனைந்த மாதிரி ஆகிவிட்டார். மறுவாரம் அவர் அம்மா அந்தக் கோட்டை வாங்கி, உள் தையலிலிருந்து ஒரு நூலை உருவி, சாமி விளக்கில் காட்டினார். நூல் உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக நின்றது. "தம்பி, இது கம்பளி இல்லை. பிளாஸ்ரிக்!" என்றார். பட்டுப் புடவைக்குச் செய்யும் அதே சோதனைதான். கம்பளி என்றால் முடி கருகும் வாசனை வரும், சாம்பல் விரலில் நசுங்கிப் பொடியாகும். பருத்தி காகிதம் மாதிரி எரியும். பாலியெஸ்டர் உருகும்.

உடம்புக்கு இது ஏன் முக்கியம்? சாதாரண அறைச் சூழலில் கம்பளி தன் எடையில் சுமார் 16 சதவீதம் ஈரத்தை உள்ளே வைத்துக்கொள்ளும், பருத்தி சுமார் 8 சதவீதம். பாலியெஸ்டர் அரை சதவீதத்தைக்கூடத் தாண்டாது. வியர்வை போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். வெளித்துணி நல்ல கம்பளியாக இருந்தாலும் உள்ளே வைக்கும் லைனிங் பாலியெஸ்டர் என்றால் கதை அதேதான். விஸ்கோஸ் அல்லது குப்ரோ லைனிங் கேளுங்கள், கோடைக்கு அரை லைனிங் போதும்.

பாலியெஸ்டரைத் திட்டுவது என் நோக்கம் அல்ல. அதன் கதையே சுவாரசியமானது. 1941ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்ஸன் என்ற இரு வேதியியலாளர்கள் கண்டுபிடித்த டெரிலின் அது. அவர்கள் வேலை பார்த்த நிறுவனத்தின் பெயர் 'காலிகோ பிரிண்டர்ஸ் அசோசியேஷன்', காலிகோ என்றால் கோழிக்கோட்டுத் துணி. நம்மூர்ப் பருத்தியின் பெயரைத் தாங்கிய கம்பெனியிலிருந்து பருத்திக்குப் போட்டி வந்தது. ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்து வரும் மாமா டெரிலின் சட்டை கொண்டுவந்தால் தெருவே பார்க்கும். துவைத்தால் உடனே காயும், இஸ்திரி வேண்டாம். இரண்டு ஷிஃப்ட் வேலை பார்த்த முதல் தலைமுறைக்கு அது பெரிய வசதி, அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பாலியெஸ்டரைப் பாலியெஸ்டர் விலைக்கு விற்றால் எனக்குச் சண்டையே இல்லை.

சட்டைக்கு வருவோம்

சட்டைத் துணியில் நாலு பெயர் தெரிந்தால் போதும். பாப்ளின்: மெல்லிசு, வழவழப்பு, டை கட்டும் வெள்ளைச் சட்டைக்கு. ட்வில்: குறுக்குக் கோடு ஓடும், கொஞ்சம் கனம், கசங்கல் குறைவு. ஆக்ஸ்ஃபோர்ட்: கூடை முடைந்த மாதிரி தடித்த நெசவு, வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு. லினன்: கசங்கும், அது கசங்கினால்தான் அழகு என்று ஏற்றுக்கொள்கிறவர்களுக்கு.

நூலின் நம்பர் இங்கேயும் வரும். 100/2 என்றால் நூறாம் நம்பர் நூல் இரண்டை முறுக்கியது. இரட்டை நூல் சட்டை கூடுதலாக உழைக்கும். அலுவலகத்துக்கு 80/2 முதல் 100/2 வரை போதும். 'நான்-அயர்ன்' என்றால் துணியில் பிசின் ஏற்றியிருக்கிறார்கள். காலை அவசரத்துக்கு நல்லது, ஆனால் காற்றோட்டம் குறையும், காலரும் கைமடிப்பும் சீக்கிரம் விட்டுப்போகும். பருத்தி முதல் சில துவைப்பில் கொஞ்சம் சுருங்கும் என்பதால் தைக்கும் முன் துணியை நனைத்து எடுத்தார்களா, இல்லை காலருக்கு இடம் விட்டார்களா என்று கேளுங்கள்.

இங்கே ஒரு நம்மூர்ப் பெருமையையும் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர்கள் எகிப்தின் கிசா, கரீபியனின் சீ ஐலண்ட் என்று உருகுவார்கள். அந்த வரிசையில் நிற்கும் மிக நீண்ட இழைப் பருத்தி ஒன்று கோயம்புத்தூரில் பிறந்தது. பெயர் சுவின். 1970களில் மத்திய பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் 'சுஜாதா' ரகத்தையும் 'செயின்ட் வின்சென்ட்' ரகத்தையும் கலந்து உருவாக்கினார்கள், பெயரும் அந்த இரண்டின் முதல் எழுத்துகளிலிருந்து வந்தது. விளைச்சல் குறைவு, காலம் அதிகம் பிடிக்கும் என்பதால் பயிரிடுகிறவர்கள் சுருங்கிப்போனார்கள். லண்டனில் ஒரு மாதிரிப் புத்தகத்தில் அந்தப் பெயரைப் பார்த்தால் கொஞ்சம் நின்று தடவிப் பாருங்கள்.

லண்டன் பயந்த துணி

இரண்டாம் தலைமுறைப் பிள்ளைகள் சாவில் ரோவைப் பார்த்து, 'இது நமக்கானது இல்லை' என்று நினைப்பதைக் கவனித்திருக்கிறேன். அவர்களுக்கு இந்த வரலாறு தெரிய வேண்டும்.

1639ல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னைக் கடற்கரையில் இடம் பிடித்ததே துணி வாங்கத்தான். சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்த பருத்தித் துணி லண்டன் சந்தையை மூழ்கடித்தது. பிழைப்புப் போன ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் 1719ல் தெருவில் இறங்கி, காலிகோ உடுத்திய பெண்களின் ஆடையைக் கிழித்தார்கள். 1721ல் பாராளுமன்றம் அச்சிட்ட பருத்தியை உடுத்தவே தடை போட்டது. 1774ல்தான் அது நீங்கியது. பிற்பாடு லங்காஷையர் ஆலைத் துணி நம் கைத்தறியை என்ன செய்தது என்பது நீங்கள் அறிந்த கதை.

மெட்ராஸ் செக் கதை இன்னும் வேடிக்கை. நம் லுங்கிக் கட்டம் மாதிரியான அந்தத் துணி 1958 வாக்கில் நியூயார்க்கின் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் சட்டையாகவும் கோட்டாகவும் விற்றது. துவைத்தால் சாயம் போகிறது என்று புகார் வந்தபோது, 'சாயம் போவது உத்தரவாதம்' என்று அதையே பெருமையாக விளம்பரம் செய்து விற்றார்கள் என்று சொல்லப்படுகிறது. நாம் வீட்டில் கட்டிக்கொண்டு தூங்கும் கட்டம் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் அந்தஸ்துச் சின்னமானது. அந்தக் கட்டத்தில் கோடைக் கோட்டு ஒன்று தைத்துக்கொள்ள நம் பிள்ளை வெட்கப்பட வேண்டுமா, சொல்லுங்கள்?

நிறம்: நம் வீட்டுப் பேச்சை முதலில் நிறுத்துவோம்

"கறுப்பா இருக்கிறவனுக்கு வெளிர் கலர் எடுபடாது, அடர் கலராப் பார்த்து எடு." இந்த வாக்கியம் கேட்காத தமிழ்ப் பையன் உண்டா? இது துணி அறிவு இல்லை. தோல் நிறத்தைப் பற்றிய பழைய நஞ்சு. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் வெளிர் நீலம், சந்தன நிறம், மாந்தளிர், அரக்குச் சிவப்பு, பாட்டில் பச்சை எல்லாம் பளிச்சென்று நிற்கும். வெள்ளைக்காரத் தோலை மனதில் வைத்து எழுதிய பட்டியல்களில் 'தவிர்க்கவும்' என்று போட்டிருக்கும் பல நிறங்கள் நமக்குத்தான் பொருந்தும்.

செய்ய வேண்டியது ஒன்றே. சிறு துண்டைப் பார்த்து முடிவு செய்யாமல், துணி உருளையையே எடுத்து கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்து, கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரே துணி எல்இடி வெளிச்சத்தில் ஒரு நிறமும் வெயிலில் வேறு நிறமும் காட்டும். புடவைக்கு இதைச் செய்யாத அம்மா உண்டா?

பில்லில் எழுதி வாங்குங்கள்

கடைசியாகப் பணத்துக்கும் சட்டத்துக்கும் வருவோம். கடையில் ஆயத்த ஆடை வாங்கினால் என்ன இழை, எத்தனை சதவீதம் என்று லேபிள் இருக்க வேண்டும். ஆனால் சுயதொழில் தையல்காரர் உங்களுக்கென்று தைத்துக் கொடுக்கும் உடைக்கு அந்தக் கட்டாயத்திலிருந்து விலக்கு உண்டு. அதேபோல், இணையத்தில் வாங்கிய பொருளை 14 நாளில் திருப்பித் தரும் உரிமை உங்கள் அளவுக்கென்றே தைத்ததற்குக் கிடையாது. ஆனால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சொன்ன விவரத்துக்குப் பொருள் பொருந்தியே ஆக வேண்டும். ஆகவே விவரத்தை எழுத்தில் வாங்குங்கள்: ஆலையின் பெயர், இழை விகிதம், மீட்டர் எடை, லைனிங் எது. எழுதித் தரத் தயங்கும் கடையிலிருந்து நன்றி சொல்லி வெளியே வந்துவிடலாம். துணியின் கரையில் ஆலையின் பெயர் நெய்திருந்தால் அதையும் காட்டச் சொல்லுங்கள்.

பட்ஜெட் இடித்தால் சோஹோவின் பெர்விக் தெரு, ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷின் கோல்ட்ஹாக் ரோடு பக்கம் ஒரு சனிக்கிழமை நடந்துவிட்டு வாருங்கள். சூட் ஒன்றுக்குச் சராசரி உடம்புக்கு மூன்றரை மீட்டர் வேண்டும். துணியை நீங்களே வாங்கி, ஊருக்குப் போகும்போது நம்பகமான தையல்காரரிடம் கொடுக்கலாம். கூடவே இரண்டாவது பேன்ட்டுக்கும் சேர்த்து எடுங்கள், சூட்டில் முதலில் தேய்வது பேன்ட்தான்.

விலை ரொம்பவும் மலிவாக இருந்தால் இன்னொரு கேள்வியும் கேளுங்கள். தமிழ்நாட்டு நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் இளம்பெண்களை மூன்று வருஷம் விடுதியில் அடைத்து, கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி வேலை வாங்கியதை 2011ல் நெதர்லாந்தின் சோமோ, ஐசிஎன் அமைப்புகள் அறிக்கையாக வெளியிட்டன. ஒரு பெண்ணின் கல்யாணக் கனவைப் பிணையாக வைத்து நூற்ற நூல் நம் கல்யாணச் சட்டையில் இருக்கக்கூடாது. இங்கே 3.6 கோடி பவுண்டுக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் 2015ஆம் ஆண்டு நவீன அடிமைத்தன ஒழிப்புச் சட்டப்படி ஆண்டறிக்கை வெளியிட வேண்டும். பெரிய பிராண்டில் வாங்கினால் ஐந்து நிமிஷம் ஒதுக்கி அதைப் படித்துப் பாருங்கள். வெறும் பொதுவார்த்தையா, ஆலையின் பெயரோடு சொல்கிறார்களா என்பது உடனே தெரிந்துவிடும்.

அடுத்த தடவை மகனுக்கோ தம்பிக்கோ சூட் எடுக்கப் போகும்போது வீட்டுப் பெண்கள் ஒருவரையாவது கூட அழைத்துப் போங்கள். துணியைக் கசக்கிப் பார்ப்பது, திருப்பிப் பார்ப்பது, வெளிச்சத்தில் பார்ப்பது, கடைக்காரர் முகத்தைப் பார்த்துச் சந்தேகப்படுவது எல்லாம் அவர்களுக்குக் கைவந்த கலை. எடையும் இழையும் மட்டும் நீங்கள் கேளுங்கள், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.